உயர்திணைக்கு ஓர் எழுத்து

அக்டோபர் 9, திங்கள்

இந்த நோட்டை மார்லூஸ் கொடுத்தாள். அட்டையில் மஞ்சள் வாத்துகள். குறைமாதக் குழந்தையைப் பெற்றவர்களுக்கெல்லாம் இந்த மருத்துவமனையில் இப்படி ஒன்று தருவார்களாம். "தினமும் ஏதாவது எழுதுங்கள். பிற்பாடு குழந்தைக்குக் காட்டலாம்" என்றாள். பிற்பாடு என்ற சொல்லை அவளால் எவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடிகிறது.

எழுத என்ன இருக்கிறது. வியாழக்கிழமை மதியம் பிறந்தது. பதினோரு வாரம் முன்னதாக. பெண். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. மூக்கில் காற்றுக் குழாய், வாயில் பால் குழாய், பாதத்தில் சிவப்பாக ஒளிரும் குட்டி விளக்கு. தலையில் கம்பளித் தொப்பி. தொப்பியைக் கழற்றினால் சாத்துக்குடி அளவுக்குத் தலை.

மார்லூஸ் இங்கே நர்ஸ். நல்ல உயரம். என் வயதுதான் இருக்கும். பகலில் எங்கள் அறையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். நான் டச்சு வகுப்புக்குப் போகிறேன் என்று என் வீட்டுக்காரர் தரணி சொல்லிவிட்டதால் என்னிடம் வேண்டுமென்றே மெதுவாக டச்சில் பேசுகிறாள்.

"இது உங்களுக்கு முதலாவதா?" என்று கேட்டாள்.

"யா" என்றேன். ஆமாம்.

தரணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மதியம் அவர் நகராட்சி அலுவலகம் போய்ப் பிறப்பைப் பதிந்துவிட்டு வந்தார். இந்த நாட்டில் அதைத் தள்ளிப்போட முடியாது. "பேரு கேட்டாங்க மதி. வெச்சுட்டேன்" என்றார். சரி என்றேன். என்ன பெயர் என்று கேட்கவில்லை. பசியாக இருந்தது. காண்டீனில் சீஸ் வைத்த ரொட்டி சாப்பிட்டேன். அட்டையைத் தின்பதுபோல் இருந்தது.

அக்டோபர் 11, புதன்

என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அது அங்கேயே இருக்கிறது. ஐந்தோவன் நகரில் எங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு ஒரு பஸ். பஸ்ஸில் தையல் இழுக்கிறது.

இன்றைய வேலைகள்: பால் எடுப்பது, புட்டி கழுவுவது, கொதிநீரில் போடுவது, பெயர்ச்சீட்டு ஒட்டுவது, மறுபடி பால் எடுப்பது. மழை. துணி காயவில்லை. தரணி பாதி நாள் வேலைக்குப் போகிறார். இயந்திரம் செய்யும் கம்பெனியில் இருப்பவருக்கு, இன்குபேட்டரின் சத்தம் ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிய வேண்டாம்.

வகுப்பு எடுக்கும் ஹெனி அம்மையார், நான் வராமல்போன பாடங்களை அனுப்பியிருக்கிறார். பெயரடையைப் பெயராகப் பயன்படுத்துவது பற்றிய பாடம். பாலெடுக்கும்போது செய்வதற்கு வேறு வேலை இல்லாததால் படித்தேன்.

உடுமலைப்பேட்டையில் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் இலக்கணம் நடத்தியவள் நான். அதனால் புரிந்தது. நாம் 'நல்ல' என்பதை நல்லவன், நல்லவள், நல்லவர், நல்லது என்று ஆக்குகிறோம் அல்லவா, அதேதான். இவர்கள் அடைமொழியின் வாலில் ஒரு 'எ' ஒட்டி, முன்னால் 'டெ' என்று போட்டால் அது ஓர் ஆள் ஆகிவிடும். ஸீக் என்றால் நோயுற்ற. டெ ஸீகெ என்றால் நோயாளி. ஆணா பெண்ணா, மரியாதைக்குரியவரா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. முன்னால் 'டெ' போடாமல் 'ஹெட்' போட்டால் ஆள் இல்லை, பொருளோ தன்மையோதான். ஹெட் கூடெ, நல்லது.

மனசு ஒரு மணி நேரம் வேறு எங்கோ இருந்தது. அதற்காக ஹெனிக்கு நன்றி எழுதி அனுப்பினேன்.

அக்டோபர் 12, வியாழன்

இன்று ஒரு பிழை செய்தேன். மார்லூஸிடம், "ஹெட் க்ளைனெ தூங்குகிறதா?" என்று கேட்டேன். க்ளைன் என்றால் சின்ன. புதிதாகப் படித்ததைப் பயன்படுத்திப் பார்க்கும் ஆசைதான்.

அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "டெ க்ளைனெ" என்றாள். "ஹெட் என்றால் ஏதோ சின்னப் பொருள். டெ என்றால் சின்ன ஆள். இது ஆள்தானே?"

"ஆமாம்" என்றேன்.

நர்ஸுகள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். டெ க்ளைனெ பால் குடித்தாயிற்று, டெ க்ளைனெ இன்று கோபமாக இருக்கிறாள் என்று.

தமிழில் சிக்கல் இல்லை. குழந்தை அழுதது, குழந்தை தூங்கியது. அஃறிணை முடிபு தாராளமாகக் கொள்ளும். வழு அல்ல. எத்தனை வருடம் நடத்திய பாடம். ஆகவே இங்கே நான் எழுதுவதில் தவறு ஏதும் இல்லை.

அக்டோபர் 14, சனி

பழைய காலுறை எல்லாவற்றையும் ஜோடி சேர்த்தேன். நான்கு ஒற்றையாக நின்றன.

அக்டோபர் 17, செவ்வாய்

தினமும் காலையில் எழுந்ததும் வார்டுக்குப் போன் செய்கிறேன். "ஈட்ஸ் நியூஸ்?" என்று கேட்க வேண்டும். ஏதேனும் புதியது உண்டா. இதுவும் அந்தப் பாடத்தில்தான் இருக்கிறது. ஏதோ, ஒன்றுமில்லை என்ற சொற்களுக்குப் பின்னால் அடைமொழி வந்தால் வாலில் ஒரு 'ஸ்' ஒட்டும். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்: "நீட்ஸ் பிஸோண்டர்ஸ்." விசேஷமாக ஒன்றுமில்லை.

அதைக் கேட்டவுடன் போனைக் கீழே வைத்துவிட்டுக் காப்பி போடுவேன்.

ஊரில் கல்யாண வீட்டில், கோயிலில், பஸ் ஸ்டாண்டில் யார் பார்த்தாலும், "என்ன அம்மிணி, ஏதாச்சும் விசேஷம் உண்டா?" என்று வயிற்றைப் பார்த்துக் கேட்பார்கள். "ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்தது. அதே பதில்தான். ஒரு கடல் தாண்டி வந்ததும் அதற்கே சர்க்கரை ருசி வந்துவிட்டது.

மார்லூஸ் எனக்கொரு வேலை கற்றுக்கொடுத்தாள். சீக்கிரம் பிறந்த குழந்தைகள் சில சமயம் மூச்சுவிட மறந்துவிடுமாம். மறதிதான், வேறொன்றுமில்லை என்கிறாள். மணி அடிக்கும். உள்ளே கையை விட்டு உள்ளங்காலை ஒரு விரலால் தேய்க்க வேண்டும். நினைவு வந்துவிடும். இன்று நானே ஒருமுறை செய்தேன். நினைவு வந்துவிட்டது. அதற்குப் பிறகு சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அறை குளிராக இருந்திருக்கும்.

அக்டோபர் 20, வெள்ளி

காலைப் போனில் வேறு யாரோ பேசினார்கள். "கொஞ்சம் இருங்கள், டாக்டர் பேசுவார்."

அக்டோபர் 21, சனி

ரத்தத்தில் கிருமி. மருந்து ஏற்றுகிறார்கள். மூச்சு போதவில்லை என்று தொண்டைக்குள் குழாய் வைத்து இயந்திரத்தோடு இணைத்துவிட்டார்கள். உடம்பு முழுக்கச் சாம்பல் நிறம். டாக்டர் சொன்னதில் பாதி புரியவில்லை. புரிந்ததா என்று தரணியைக் கேட்டார். "புரியுது" என்றார் தரணி. எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

பால் எடுத்தேன். குடிக்க ஆள் இல்லை. புட்டியில் சீட்டு ஒட்டி உறைபெட்டியில் வைத்தேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

மார்லூஸுக்கு இன்று விடுமுறை. இருந்தும் கொஞ்ச நேரம் வந்தாள். சைக்கிளில் வந்ததில் மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

"தடவ வேண்டாம். தடவினால் களைத்துப்போகும். ஒரு கை தலையில், ஒரு கை காலில். சும்மா வைத்துக்கொண்டு இருங்கள். நீங்கள் இருப்பது தெரியும்" என்றாள்.

காலையிலிருந்து மாலை வரை அப்படி இருந்தேன். முதுகு ஒடிந்தது. தரணி பின்னால் நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாலு மணி வாக்கில் ரத்தம் எடுக்க ஒருவர் வந்து தள்ளிக்கொள்ளச் சொன்னபோது காலிலிருந்து கையை எடுத்தேன். அப்போது அவள் என் சுண்டுவிரலைப் பிடித்தாள்.

பிடித்தது என்று எழுத வந்தேன். உள்ளங்கையில் எது பட்டாலும் கை தானாக மூடிக்கொள்ளும், அது அனிச்சைச் செயல் என்று எங்கோ படித்திருக்கிறேன்.

இல்லை. பிடித்தாள்.

அக்டோபர் 23, திங்கள்

அவள் நிறம் கொஞ்சம் மாறியிருக்கிறது. நான் சொல்லவில்லை. தரணிதான் சொன்னார்.

அக்டோபர் 25, புதன்

தொண்டைக் குழாயை எடுத்துவிட்டார்கள். பழையபடி மூக்குக் குழாய் மட்டும். டாக்டர் என்னைப் பார்த்தே மெதுவாகப் பேசினார். "ஹெட் எர்க்ஸ்டெ தாண்டிவிட்டது."

எர்க் என்றால் மோசமான. ஹெட் எர்க்ஸ்டெ, மிக மோசமானது. இதற்கும் அதே விதிதான். இருக்கிற மோசங்களில் எல்லாம் பெரிய மோசத்துக்கு ஒரு பெயர் வைத்து, முன்னால் ஒரு 'ஹெட்' போட்டு, அது அந்தப் பக்கம் போய்விட்டது என்று சொல்லிவிட முடிகிறது. பஸ் போய்விட்டது என்று சொல்வதைப் போல.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். தரணி மூன்று முறை சோறு போட்டுக்கொண்டார். புளி கொஞ்சம் தூக்கல்.

அக்டோபர் 29, ஞாயிறு

முதல் தடவையாக அவளை வெளியே எடுத்து மார்பில் படுக்கவைத்தார்கள். சட்டைப் பொத்தானைத் திறந்து, தோலோடு தோலாக. குழாய்களை எல்லாம் என் தோளில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள் மார்லூஸ். ஈரமான குருவி மாதிரி இருந்தாள். எடை தெரியவில்லை, சூடுதான் தெரிந்தது.

அவளை வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தபோது, இன்குபேட்டரில் தொங்கும் அட்டை நேர் எதிரே இருந்தது. இத்தனை நாள் அந்தப் பக்கம் பார்க்காமல் சமாளித்தவள், இன்று தலையைத் திருப்ப முடியாமல் படித்துவிட்டேன்.

இனியாள்.

"யாரைக் கேட்டு வெச்சீங்க?" என்றேன்.

"யாரையும் கேக்கல. கவுண்டர்ல இருந்த பொண்ணு காத்துட்டே இருந்துச்சு. பின்னாடி வேற கூட்டம். திடீர்னு வாயில வந்துச்சு. ஏன், நல்லாயில்லையா?"

"நல்லாத்தான் இருக்குதுங்க."

இனிய என்ற அடைமொழியைப் பெயராக்கி, அதுவும் பெண்பாலாக்கி, ஒரு அரசாங்க அலுவலகத்தில் பதிந்துவிட்டு வந்திருக்கிறார். இலக்கணம் என்றாலே கொட்டாவி விடும் மனுஷன். அவருக்கு அது தெரியாது. நானும் சொல்லவில்லை. மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.

நவம்பர் 2, வியாழன்

அம்மா வீடியோவில் வந்தாள்.

"புள்ளை எப்படி இருக்குது கண்ணு?"

"இருக்கிறாம்மா. நேத்து எடை கூடியிருக்குது."

"ரொம்ப மனசை வெச்சுறாதே சாமி. இன்னொரு மாசம் போகட்டும். போன தடவை நீ பட்டதே போதும்."

பிறகு வெண்டைக்காய் விலை, அண்ணன் புதிதாகப் போட்ட போர்வெல், பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டது என்று ரொம்ப நேரம் பேசினோம்.

போன தடவை பற்றி இங்கே எழுத ஒன்றும் இல்லை. ஆறாம் மாதம். கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி. எனக்கு ரத்தம் நிறையப் போய் இரண்டு நாள் நினைவில்லை. கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "அது போயிருச்சு அம்மிணி. நீ பொழைச்சதே பெருசு, மறந்துரு" என்றார்கள். பையன் என்பதுகூட, வார்டில் யாரோ பேசிக்கொண்டபோது காதில் விழுந்ததுதான்.

துவைத்த துணியை மடித்து வைத்தேன். மழை விட்டிருக்கிறது.

நவம்பர் 7, செவ்வாய்

வியாழக்கிழமை கண் டாக்டர் வருகிறார். இவ்வளவு சீக்கிரம் பிறந்து இத்தனை நாள் ஆக்ஸிஜனில் இருந்தவர்களுக்கு விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்துவிடக்கூடுமாம். வளர்ந்தால் பார்வை போகலாம். "போகும் என்று சொல்லவில்லை, பார்த்து வைப்போம் என்றுதான்" என்றாள் மார்லூஸ்.

மாலை பாடத்தில் மிச்சமிருந்த பயிற்சியை எடுத்தேன். அடைமொழியை ஆளாக மாற்றுக. பணக்கார, ஏழை, செவிட்டு. நான்காவது, பிளிண்ட். குருட்டு. டெ பிளிண்டெ.

மூடிவிட்டேன்.

நவம்பர் 9, வியாழன்

பரிசோதனையின்போது தரணியால் உள்ளே நிற்க முடியவில்லை. இமையைக் கம்பியால் விரித்துப் பிடித்துப் பார்த்தார்கள். இனியாள் கத்தினாள். சத்தம் வரவில்லை, பூனைக்குட்டியின் முனகல் அளவுதான். இருந்தாலும் கத்தினாள். நான் இரண்டு கைகளையும் அவள் மேல் வைத்துக்கொண்டு, "இதோ முடிஞ்சுருச்சு, இதோ முடிஞ்சுருச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கண் டாக்டர் வயதானவர். அவரும் டச்சில் அவளிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றார்.

வெளியே வந்து தரணியிடம் சொன்னேன். அவர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் வாளியைத் தள்ளி வைத்து அவருக்கு இடம் விட்டார்.

வீட்டுக்கு வந்து அந்தப் பயிற்சியை முடித்தேன். நான்காவதையும்.

நவம்பர் 13, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

இனியாளை மார்பில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் ஹெனி அனுப்பிய அடுத்த பாடத்தைச் செய்துகொண்டிருந்தேன். இருவர், சிலர், பலர் போன்ற சொற்கள். சொந்தமாக வாக்கியங்கள் அமைக்க வேண்டும். முதலில் சைக்கிள், கார் என்று எழுதினேன். சைக்கிளும் காரும் இரண்டும் பழுது; இரண்டும் என்பதற்கு இவர்கள் சொல் பைடெ. பிறகு நாய், பூனை. பிறகு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அவள் என் கழுத்துக்குக் கீழே மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கை எழுதியது. "என் மகனும் என் மகளும் இரண்டும் சீக்கிரம் பிறந்தவை." டச்சில். வேறு மொழியில் எழுதும்போது கை பாரமில்லாமல் போய்விடுகிறது.

மார்லூஸ் குழாயைச் சரிசெய்யக் குனிந்தவள் தாளைப் பார்த்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை, அடடா என்று சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"இங்கே ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது. பைடெ என்று எழுதியிருக்கிறீர்கள். அது சைக்கிளுக்கும் காருக்கும். இது பைடென். கடைசியில் ஒரு 'என்' வேண்டும்" என்றாள்.

"ஏன்?"

"மனிதர்கள் ஆயிற்றே."

அவளே எழுதவில்லை. பேனாவை என்னிடம் கொடுத்தாள். நான் அந்த எழுத்தைச் சேர்த்தேன். தமிழ்க் காதுக்கு அந்த எழுத்தின் பெயர் 'என்' என்றே கேட்கிறது. என் மகன், என் மகள் என்பதில் வரும் அதே என். வாயால் சொல்லும்போது இந்த ஊர்க்காரர்கள் அந்தக் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார்களாம், யார் காதிலும் விழாதாம். எழுதினால் மட்டும்தான் தெரியும் என்றாள்.

அப்புறம்தான் சொன்னாள்: "எனக்குத் தெரியும். உங்கள் மருத்துவக் குறிப்பில் இருந்தது. முதல் நாள் அதைப் படிக்காமல், முதலாவதா என்ற அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டேன். அன்று மாலை படித்தேன். நீங்களாகச் சொல்லும்போது சொல்லட்டும் என்று இருந்தேன்."

"மன்னிக்கணும்" என்றேன். எதற்கென்று தெரியவில்லை.

"எதற்கு?" என்று அவளும் கேட்டாள். பிறகு இனியாளின் தொப்பியை நேராக்கிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள்.

பஸ்ஸில் வரும்போது பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொண்டேன். உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே என்று எத்தனை பிள்ளைகளை ஒப்பிக்க வைத்திருக்கிறேன்.

நவம்பர் 15, புதன்

தரணியிடம் கேட்டேன். மருத்துவமனைக் காண்டீனில், சூப் குடித்துக்கொண்டிருந்தபோது.

"ஏங்க, அவன் எப்படி இருந்தான்?"

யார் என்று அவர் கேட்கவில்லை. கரண்டியைக் கிண்ணத்துக்குள் வைத்தார்.

"முடி நெறய இருந்துச்சு" என்றார். "கருகருன்னு. இவளுக்குக்கூட அவ்வளவு இல்ல."

"அப்புறம்?"

"காது உன் காது மதி. மேல மடிஞ்சிருக்குதில்ல, அதே மாதிரி. வெரலெல்லாம் நீளம்." கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "பெரியவங்க எல்லாரும், அவகிட்ட ஒண்ணும் சொல்லாதே, மறந்துருவா, அதுதான் அவளுக்கு நல்லதுன்னாங்க. நீயும் கேக்கல. கேக்காததனால, உனக்கு வேண்டாமாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேன்."

"நீங்க சொல்லாததனால உங்களுக்கு வேண்டாமாட்ட இருக்குதுன்னு நான் நெனச்சேன்."

அவர் தலையை ஆட்டினார்.

"கையில வாங்குனீங்களா?"

"உங்கண்ணன் கார் ஓட்டுனாரு. நான் மடியில வெச்சிருந்தேன். வெள்ளைத் துண்டுல சுத்திக் குடுத்திருந்தாங்க. காட்டுக்குப் போற வரைக்கும் மடியிலதான் இருந்தான். ரோடு மோசமா இருந்துச்சு. குழி வர்றப்பெல்லாம், மச்சான் மெதுவாப் போங்க, மெதுவாப் போங்கன்னு சொல்லிட்டே இருந்தேன். அவரு ஒரு தடவைகூட எதுக்குன்னு கேக்கல. மெதுவாத்தான் ஓட்டுனாரு."

நான் அழவில்லை. அவர்தான் அழுதார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. சத்தமில்லாமல், மூக்கைத் துடைத்துக்கொண்டே, பள்ளிக்கூடப் பையன் அழுவதைப் போல. எதிர்ப்பக்கம் போய் அவருக்கு அருகில் உட்கார்ந்துகொண்டேன். சூப் ஆறி ஆடை படிந்துவிட்டது.

நான் அழவில்லை என்று எழுதியது உண்மையில்லை. பஸ்ஸில் அழுதேன். நல்ல வேளை, கூட்டமில்லை.

நவம்பர் 16, வியாழன்

ரொம்ப நாளைக்குப் பிறகு இருவரும் நன்றாகத் தூங்கிவிட்டோம். வார்டுக்குப் போன் செய்ய நேரமாகிவிட்டது. விசேஷமாக ஒன்றுமில்லை என்றார்கள்.

நவம்பர் 19, ஞாயிறு

அவனுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம். இனியாளுக்குத் தரணி தனியாக வைத்தார். இவனுக்கு இரண்டு பேரும் சேர்ந்து, பாத்திரம் கழுவிக்கொண்டே வைத்தோம். நான் மூன்று சொன்னேன், அவர் இரண்டைக் கழித்தார். இங்கே எழுதவில்லை. கூப்பிட்டுப் பார்த்தோம், நன்றாக இருக்கிறது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னாள்.

"நல்ல பேருதான் கண்ணு" என்றாள். "வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறேன். ரெண்டு புள்ளைக பேருக்கும் அர்ச்சனை பண்றேன்."

நவம்பர் 23, வியாழன்

கண் நன்றாக வளர்ந்திருக்கிறது. இனிமேல் வர வேண்டியதில்லை என்று அந்தப் பெரியவர் இனியாளின் கையைக் குலுக்கினார்.

மூக்குக் குழாய் போய் நான்கு நாள் ஆகிறது. இன்று வாய்க் குழாயும் போய்விட்டது. போய்விட்டது என்ன, அவளே இழுத்துப் போட்டுவிட்டாள். மார்லூஸ் திரும்ப வைக்க வந்தவள், "இருக்கட்டும், என்ன செய்கிறாள் என்று பார்ப்போம்" என்றாள். இனியாள் புட்டிப் பாலை முழுக்கக் குடித்தாள். குடித்துவிட்டுப் பெரிய மனுஷி மாதிரி ஏப்பம் விட்டாள்.

நவம்பர் 28, செவ்வாய்

வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

மெத்தை விரிப்பு வாங்க வேண்டும். தெர்மாமீட்டர். படுக்கையறை ஜன்னலில் காற்று நுழைகிற இடுக்கை அடைக்க வேண்டும். தொட்டிலைத் தரணி பூட்டிவிட்டார். ஒரு திருகாணி மிச்சமிருக்கிறது. அது எங்கே போக வேண்டியது என்று ஒரு மணி நேரமாக ஆராய்ச்சி.

டிசம்பர் 1, வெள்ளி

வந்துவிட்டோம்.

கிளம்பும்போது மார்லூஸ் வாசல் வரை வந்தாள். நான் தயாரித்து வைத்திருந்த டச்சு வாக்கியங்கள் ஒன்றுகூட வாயில் வரவில்லை. தமிழில் ஏதோ சொன்னேன். அவளும் ஏதோ சொன்னாள். புரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

இன்றைக்கென்று வாடகைக்கு எடுத்த காரைத் தரணி மிக மெதுவாக ஓட்டினார். பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்தான். நான் இனியாளின் பக்கத்தில் பின்சீட்டில் உட்கார்ந்து அவர் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

டிசம்பர் 3, ஞாயிறு

இன்று குளிப்பாட்டினோம். வீட்டில் முதல் குளியல்.

மேஜைமேல் பிளாஸ்டிக் தொட்டி. ஹீட்டரை முழுக்கத் திருப்பிவிட்டதில் எங்களுக்கு வியர்த்துக் கொட்டியது. முழங்கையை விட்டுச் சூடு பார்த்தேன். தரணி தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தார். பிறகு என் முழங்கையை நம்பாமல் இன்னொரு முறை பார்த்தார். தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் சூடாக்கி மெல்லத் தடவினேன். சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். அவர் கையில் ஏந்தித் தண்ணீரில் இறக்கினார்.

பாதம் தண்ணீரில் பட்டதுதான் தாமதம், வீறிட்டாள். பூனைக்குட்டிச் சத்தம் இல்லை. அவளுக்கு இப்படி ஒரு தொண்டை இருப்பது எங்களுக்கே தெரியாது. தரணி பயந்து தூக்க, அவள் அவருடைய ஒரே நல்ல சட்டையில் மூத்திரம் போனாள்.

"அடிப்பாவி" என்றார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே முடியவில்லை. நானும் சிரித்ததில் எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்தது. துண்டு எங்கே என்றார். அதை நான் எடுத்து வைக்கவே இல்லை. எண்ணெயும் தண்ணீருமாக வழுக்கும் மகளை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் துண்டு தேடி அறை அறையாக ஓட, வீடு முழுக்க அவள் குரல்.

கீழ்வீட்டுக்காரர் மாலையில் படியில் பார்த்தபோது, "உங்களுடையவள் வந்துவிட்டாளா? குரல் கேட்டது" என்றார். சிரித்தார். தொந்தரவாகிவிட்டதோ என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார். அந்த நேரத்தில்தான் வெளியே இந்த வருடத்தின் முதல் பனி பெய்ததாம், ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார்.

நாங்கள் பார்க்கவில்லை.